களனி விகாரைக்கு அரை நாள் போதுமா?

கொழும்பில் ஒரே ஒரு நாள் தங்கப்போகும் சென்னைக் குடும்பம் ஒன்று கேட்டிருக்கும் கேள்வி இது. களனி ஆற்றங்கரையில் உள்ள ரஜ மகா விகாரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று சொல்கிறார்களே, படங்களில் பார்த்தால் கட்டடங்கள் அவ்வளவு பழையனவாகத் தெரியவில்லையே, அங்கே போவது பயன் தருமா, போனால் எதைப் பார்ப்பது, பௌத்தர் அல்லாத நாங்கள் அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கொழும்பில் நெடுநாள் வாழ்பவன், அந்த விகாரைக்கு எத்தனையோ முறை போய் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். கட்டாயம் போங்கள், கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவுதான், அரை நாள் தாராளமாகப் போதும். ஆனால் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் காண்பது போன்ற பழங்கற்களைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். களனியில் பழமை கல்லில் இல்லை. இடத்திலும், ஆற்றிலும், அந்த இடத்தைப் பற்றி மக்கள் விடாமல் சொல்லி வந்த கதைகளிலும், அந்தக் கதைகளைச் சுவரில் எழுதிய ஓர் ஓவியனின் கையிலும் இருக்கிறது. அவற்றுள் ஓர் ஓவியம் தமிழ்நாட்டிலிருந்து வருபவர் எவரும் பார்க்காமல் திரும்பக் கூடாதது என்பது என் உறுதியான கருத்து.

கட்டடங்கள் ஏன் புதியனவாக இருக்கின்றன என்பதற்குக் காரணம் எளிது. கொழும்பை அடுத்த கோட்டே நகரிலிருந்து ஆண்ட கோட்டை இராச்சியத்தின் காலத்தில் பெரும் புகழோடு விளங்கிய இந்த விகாரையைப் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்தழித்து, அதன் நிலங்களையும் பறித்துக்கொண்டனர். பிறகு 1747 முதல் 1782 வரை கண்டியில் ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தில், கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தபோதே, விகாரை மீண்டும் எழுந்தது. இந்த அரசன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் முழுத் துறவேற்பை 1753இல் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து மீட்டவனும் இவனே. இன்று காணும் பெரும்பகுதி அதற்கும் பிந்தியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹெலேனா விஜேவர்தன என்னும் செல்வப் பெண்மணி, லேக் ஹவுஸ் செய்தித்தாள் நிறுவனத்தைத் தொடங்கிய டி. ஆர். விஜேவர்தனவின் தாயார், தம் பொருளைக் கொடுத்துப் பழைய படிமையகத்தோடு ஒட்டிப் புதிய கூடங்களைக் கட்டுவித்தார். ஆகவே நீங்கள் படத்தில் பார்த்தது சரிதான். அழிக்கப்பட்டதை இரண்டு முறை மீட்டெடுத்ததன் விளைவு அது.

இனி, அந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் பார்ப்பது மனத்தில் நிற்கும். புத்தர் இலங்கைக்கு மூன்று முறை வந்தார் என்று இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது: முதலில் மகியங்கனைக்கும், இரண்டாவதாக நாகதீபத்துக்கும், ஞானம் பெற்ற எட்டாம் ஆண்டில் மூன்றாவதாகக் களனிக்கும். இரண்டாம் வருகையின் கதை தமிழ் படித்தவர்களுக்குப் புதியதன்று. மணி பதித்த ஓர் ஆசனத்துக்காக நாக அரசர் இருவர் போருக்கு நின்றதும், புத்தர் தோன்றி அவர்களுக்கு அறம் உரைத்துப் பகை தீர்த்ததும் மணிமேகலையில் மணிபல்லவத்துப் பீடிகையின் வரலாறாக வரும் அதே செய்தி. மகாவம்சத்தில் அந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. போரிட்ட அரசர்களில் ஒருவனுக்குத் துணையாகக் களனியிலிருந்து வந்திருந்த அவனுடைய தாய்மாமன் மணிஅக்கிகன் என்னும் நாக அரசன், அந்த அறவுரையில் நெகிழ்ந்து, தன் ஊருக்கும் எழுந்தருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஐந்நூறு பிக்குகளோடு புத்தர் வந்து அமர்ந்த இடத்தில்தான் களனித் தூபி நிற்கிறது என்பது மரபு. வரலாற்றுச் சான்று கேட்பவர்களுக்கு இது புராணம். ஆனால் நம்முடைய காப்பியம் ஒன்று பாதி சொல்லி நிறுத்திய கதையின் மறுபாதி ஓர் ஆற்றங்கரையில் உயிரோடு இருப்பதைக் காண்பது, எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்க வைக்கும் அனுபவம்.

அதே நூலின்படி, களனியிலிருந்து புத்தர் சிவனொளிபாத மலைக்குச் சென்று அடிச்சுவடு பதித்தார். களனி ஆறு அந்த மலைநாட்டில் பிறந்து ஏறக்குறைய 145 கிலோமீட்டர் ஓடி, கொழும்பின் வடக்கெல்லையில் மட்டக்குளி அருகே கடலில் சேர்கிறது. கொழும்பு நகரம் குடிக்கும் நீரில் பெரும்பங்கு இதிலிருந்தே எடுக்கப்படுகிறது.

இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் களனி என்றதும் சிங்கள மக்கள் பலருக்கு முதலில் நினைவு வருவது அதுதான். களனி திஸ்ஸன் என்ற அரசனின் தம்பி, அரசிக்கு இரகசியமாக ஓர் ஓலை எழுதி, பிக்கு வேடமிட்ட ஒருவனிடம் கொடுத்தனுப்பினான். அந்த ஓலை, நாள்தோறும் அரண்மனைக்கு வரும் ஒரு தேரரின் கையெழுத்து என்று அரசன் தவறாக எண்ணி, குற்றமற்ற அந்தத் துறவியைக் கொன்றான். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் இட்டதாக மக்கள் வழக்கில் சொல்வார்கள். கடல் பொங்கி நாட்டுக்குள் வந்தது. சீற்றத்தைத் தணிக்க அரசன் தன் மகள் தேவியைப் பொன்கலம் ஒன்றில் ஏற்றிக் கடலில் விட்டான். தெற்கே கரை சேர்ந்த அவளைக் காவந்திஸ்ஸன் மணந்தான். எல்லாளனோடு போரிட்ட துட்டகாமினியின் தாய் விகாரமகாதேவி இவளே. கடற்கரைக்கு இவ்வளவு அருகில், வெள்ளம் வரும் ஆற்றோரத்தில், நீரைப் பற்றிய அச்சம் இப்படி ஓர் அறக்கதையாக உருவெடுத்ததில் வியப்பில்லை.

வளாகத்துக்குள் நுழைந்ததும் வெண்ணிறத் தூபி கண்ணில் படும். பிற தூபிகளைப் போல மணி வடிவமோ குமிழ் வடிவமோ இல்லாமல், களத்தில் குவித்த நெற்பொலி போலச் சரிந்து அகன்ற வடிவம் அதற்கு. தூபியை வலமாகச் சுற்றுங்கள். மறுபுறம் அரச மரம். இலங்கையில் அதைப் போதி என்று சொல்லிப் புத்தருக்கு நிகராகவே வணங்குகிறார்கள். செப்புக் குடங்களிலும் மண்கலயங்களிலும் நீர் எடுத்து மேடையைச் சுற்றி வந்து வேரில் ஊற்றுபவர்களை எந்த நேரத்திலும் காணலாம். வாசலில் தாமரையும் நீலோற்பலமும் விற்பார்கள். பூவை முகர்ந்துவிட்டு வைக்கக் கூடாது என்பது நமக்கும் உள்ள வழக்கம்தானே. முதல்முறை நான் தாமரை மொட்டை அப்படியே கொண்டுபோனபோது, படியில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி ஒருவர் அதைக் கேட்டு வாங்கி, வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உள்நோக்கி இரண்டாக மடித்துச் செருகினார். மொட்டாக இருந்தது அவர் விரல்களுக்கிடையில் ஒரு நிமிடத்துக்குள் மலராகிவிட்டது. பேச்சு எதுவும் இல்லை. மடித்து முடித்ததும் பூவை இரு கைகளாலும் தந்தார், நானும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது முதன்மையான இடத்துக்கு வருகிறேன். தூபிக்கு அருகில் இருக்கும் படிமையகத்தைச் சுற்றி வெளிப்புறத்தை முதலில் பாருங்கள்: அடித்தளத்தில் யானை வரிசை, அன்னப்பட்சி வரிசை, கன்னம் உப்பிய குள்ளப் பூதகணங்கள். பூதகணங்களின் முகத்தில் ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை என்பதால், உடன் வரும் குழந்தைகளுக்கு அந்த வரிசையே போதுமான பொழுதுபோக்கு. உள்ளே இரண்டு காலங்கள் அருகருகே நிற்கின்றன. பழைய பகுதியில், கிடந்த திருக்கோலத்தில் பெரிய புத்தர் படிமை. சுவரிலும் கூரையிலும் கண்டிப் பாணி ஓவியங்கள். செந்நிறப் பின்னணி, பட்டை பட்டையாகப் பிரித்த கதைக் காட்சிகள், பக்கவாட்டில் திரும்பிய உருவங்கள், இடைவெளி விடாமல் நிரப்பிய பூக்கள். நம் ஊர்க் கோயில்களில் நாயக்கர் கால விதான ஓவியங்களைப் பார்த்த கண்ணுக்கு இவை அந்நியமாகத் தோன்றா.

அங்கிருந்து புதிய கூடத்துக்குள் ஓர் அடி எடுத்து வைத்ததும் நிறமே மாறிவிடும். சோலியஸ் மெண்டிஸ் என்ற ஓவியர் 1897இல் பிறந்து 1975இல் மறைந்தவர். 1930களிலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் இந்தச் சுவர்களில் உழைத்தார். அந்த வேலைக்கு முன்னால் அவர் இந்தியாவுக்குச் சென்று அஜந்தா போன்ற இடங்களின் சுவரோவியங்களை நேரில் பார்த்துப் பயின்றார். ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்துக் கோயில் சுவர்களில் பளிச்சென்ற எண்ணெய் வண்ணங்களை அள்ளிப் பூசிய காலம் அது. அந்த அலைக்கு எதிராக ஒருவர் பழைய கோட்டுக்குத் திரும்பினார் என்பதுதான் மெண்டிஸின் பெருமை. அஜந்தாவின் வளைவும் இலங்கையின் சிகிரியாப் பாறை ஓவியங்களின் மென்மையும் இவரிடம் உண்டு, ஆனால் இரண்டையும் படியெடுத்த சாயல் இல்லை. காவியும் பழுப்பும் மங்கிய பச்சையும்தான் மேலோங்கியிருக்கும். உருவங்கள் நீண்டு மெலிந்தவை, பார்வை தாழ்ந்தது, பேரரசரின் முன்னால் நிற்பவர்கூடக் குரல் எழுப்பாதவர் போல நிற்பார். புத்தரின் மூன்று வருகைகள், அசோகரின் மகள் சங்கமித்தை போதிக் கன்றோடு கரையிறங்குவது என்று இலங்கைப் பௌத்தத்தின் பெருநிகழ்ச்சிகள் சுவர் சுவராக விரிகின்றன. ஒரு கூடத்தில், பின்சுவரில் இமயமலைக் காட்சி தீட்டப்பட்டிருக்க, அதன்முன் பொன்னிறப் புத்தர் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். அங்கே சற்று நேரம் உட்காருங்கள்.

நான் முதலிலேயே சொன்ன ஓவியம் ஹேமமாலாவும் தந்தனும். நான்காம் நூற்றாண்டில், கலிங்கத்து அரசன் குகசிவன், தன்னிடமிருந்த புத்தரின் பல் பகைவர் கையில் சிக்கிவிடுமோ என்று அஞ்சி, மகள் ஹேமமாலாவிடமும் மருமகன் தந்தனிடமும் அதை ஒப்படைத்து இலங்கைக்கு அனுப்பினான். இளவரசி அதைத் தன் கூந்தலுக்குள் ஒளித்துக்கொண்டாள். இருவரும் எளிய மனிதர் வேடத்தில் கப்பலேறினர். இன்று கண்டியில் உள்ள புனிதப் பல் வந்த வழி இது என்பது மரபு. மெண்டிஸ் அவளை வீரப்பெண்ணாக வரையவில்லை. ஒடுங்கிய தோளும் தாழ்ந்த இமையுமாக, தலையில் இருக்கும் பொருளின் பாரத்தைத் தான் மட்டும் அறிந்த ஒருத்தியாக வரைந்திருக்கிறார். மனிதக் கூட்டத்தில் நகையை இடுப்பில் முடிந்துகொண்டு பயணம் செய்த நம் பாட்டிமார்களின் நடையை அந்த நிலையில் நான் காண்கிறேன்.

இதில் தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பை இணைப்பது இந்த ஆறு. 1476இல் பர்மாவின் பெகு நாட்டு மன்னன் தம்மசேதி, தன் நாட்டுத் துறவு மரபு கலப்புற்றுவிட்டதாகக் கவலையுற்று, மூத்த தேரர் இருபத்திருவரை அவர்களுடைய மாணவர்களோடு இரண்டு கப்பல்களில் இலங்கைக்கு அனுப்பினான். பழுதற்ற உபசம்பதைக்கு எவர் குறுக்கீடும் இல்லாத எல்லை வேண்டும். நிலத்தில் எல்லை குறிப்பதில் பிழை நேரலாம், ஓடும் நீரின்மேல் நேராது என்பது விநயம் எனப்படும் பிக்குகளின் ஒழுங்கு மரபில் ஒரு வழி. ஆகவே களனி ஆற்றின்மேல், நீரால் சூழப்பட்ட எல்லைக்குள் அவர்களுக்குத் துறவேற்பு நடந்தது. நாடு திரும்பியபின் பெகுவில் அமைத்த துறவேற்பு மண்டபத்துக்கு இந்த ஆற்றின் பெயரையே சூட்டிக் கல்யாணி சீமா என்றார்கள். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பர்மியப் பிக்குகள் அங்கே மீண்டும் துறவேற்றனர். இந்தச் செய்தி முழுவதையும் பாலியிலும் மோன் மொழியிலும் பத்துக் கற்பலகைகளில் தம்மசேதி பொறித்து வைத்தான்.

அந்தக் கல்வெட்டுகளில் ஒரு பகுதிதான் என்னை ஆட்கொண்டது. திரும்பும் வழியில் ஒரு கப்பல் உடைந்தது. அதிலிருந்த தேரர்கள் தமிழ்க் கரையில் கால்நடையாக நடந்து நாகப்பட்டினம் சேர்ந்தனர். அங்கே பதரிகாராமம் என்னும் விகாரை இருந்த இடத்தைக் கண்டு, சீன நாட்டு அரசன் ஆணையால் கட்டிய குகையில் இருந்த புத்தர் படிமத்தை வணங்கினர். அது எந்த இடம் தெரியுமா? தந்தனும் ஹேமமாலாவும் இலங்கைக்குப் போகும் வழியில் புனிதப் பல்லை இறக்கி வைத்திருந்த இடம் என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. இராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரையும், அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேடும் நாம் அறிந்தவை. நாகையில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரம் ஒன்று 1867இல் இடிக்கப்பட்டது. இன்று அந்த இடத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. நாகப்பட்டினத்தில் நாம் இழந்ததன் நினைவு, ஹேமமாலாவின் உருவத்தில் களனிச் சுவரில் நிற்கிறது. அதனால்தான் இந்த ஓவியத்தின் முன் நின்றுவிட்டுப் போங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

விகாரை வளாகத்திலேயே விபீஷணனுக்குத் தேவாலயம் உண்டு. இராமாயணத்து விபீஷணன் இலங்கையின் காவல் தெய்வங்களில் ஒருவனாக இங்கே வழிபடப்படுகிறான். அவனுடைய அரசிருக்கை களனியில் இருந்ததாகவும் நம்பிக்கை. பதினைந்தாம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் பாடிய சிங்களத் தூதுநூலான செலலிஹினி சந்தேசயம், கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் மகளுக்கு ஆண்மகவு வேண்டி, களனி விபீஷணனிடமே ஒரு பறவையைத் தூது விடுகிறது. கொழும்புத் தமிழர்களும் இங்கே வந்து பழத்தட்டு வைத்து வணங்குவதுண்டு. பௌத்தர் அல்லாதவர் தயங்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பாதி விடை.

மீதிப் பாதி நடத்தை பற்றியது. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வெள்ளையாக இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. செருப்பையும் தொப்பியையும் கழற்றியாக வேண்டும். நண்பகலில் முற்றத்து மணலும் கல்லும் பாதத்தைப் பொசுக்கிவிடும். சிறு பிள்ளைகள் அழுவார்கள், ஆகையால் காலை ஒன்பது மணிக்கு முன்னதாகவோ மாலை நான்குக்குப் பின்னரோ செல்லுங்கள். புத்தர் படிமைக்கு முதுகு காட்டி நின்று புகைப்படம் எடுப்பது இலங்கையில் பெரும் அவமதிப்பு; செல்ஃபி மோகத்தில் பிள்ளைகள் இதைச் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவியங்களின் முன் ஃபிளாஷ் வேண்டாம். உடலில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள்; அதற்காக வெளிநாட்டவர் நாட்டிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். பிக்குகளோடு பேச நேர்ந்தால் கைகுலுக்கக் கை நீட்டாமல் கும்பிட்டால் போதும்.

போயா எனப்படும் முழுநிலா நாளில் போவதா வேண்டாமா என்பது உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. அன்று பொது விடுமுறை. வெள்ளுடை அணிந்தவர்கள் மர நிழல் முழுவதும் அமர்ந்து நாள் முழுக்கச் சீலம் என்னும் ஒழுக்க நோன்பு காப்பார்கள். மக்களின் பக்தியைப் பார்க்க அதைவிடச் சிறந்த நாள் இல்லை, ஓவியங்களைப் பார்க்க அதைவிட மோசமான நாளும் இல்லை. வரிசை உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். ஜனவரி முழுநிலாவையொட்டி நடக்கும் துருத்துப் பெரஹெரா 1927இல் தொடங்கியது. யானைகளும் கண்டி நடனக்காரர்களும் இரவில் ஊர்வலமாக வருவார்கள். அந்நாள்களில் சாலை நெரிசலைக் கணக்கில் கொள்ளுங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது ஆறு பெருகும். 2016 மே மாதத்தில் களனி ஆற்றின் கரைகளில் பெரும் வெள்ளம் வந்தது. பெருமழை நாளாக இருந்தால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். முச்சக்கரவண்டியில் போவதானால் மீட்டர் உள்ள வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். பேருந்தும் புறக்கோட்டையிலிருந்து அடிக்கடி உண்டு.

என் யோசனை இப்படி. மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேருங்கள். உள்ளே நுழையுமுன், மர நிழலில் நிறுத்திப் பிள்ளைகளுக்கு ஹேமமாலாவின் கதையைச் சொல்லிவிடுங்கள். பிறகு எந்தச் சுவரில் அவள் இருக்கிறாள் என்று அவர்களே தேடட்டும். தூபியும் போதியும் விபீஷணன் தேவாலயமும் முடித்து, விளக்கேற்றும் நேரத்தில் ஆற்றங்கரைக்கு இறங்கி வாருங்கள். பழுப்பு நிறத்தில் அமைதியாகத்தான் ஓடும். ஐந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பர்மியத் தேரர்கள் துறவேற்றது இதே நீரின்மேல்தான்; பறை முழங்கி மாலைப் பூசை தொடங்கும்வரை அங்கே இருங்கள், கொழும்புக்குத் திரும்பும் நெரிசலும் அதற்குள் சற்றுக் குறைந்திருக்கும்.